வளர்ந்துவரும் சந்தைக்குப் போகும் எச்.ஆர். எதைக் கற்றுக்கொண்டு போக வேண்டும்?

கேள்வி: ஒன்பது வருடமாக மனிதவளத் துறையில் இருக்கிறேன். ஆள் தேர்வு, பேரோல், அப்ரைசல் எல்லாம் பார்த்திருக்கிறேன். எங்கள் நிறுவனம் அடுத்த வருடம் இந்தோனேசியாவிலும் கென்யாவிலும் கிளை தொடங்குகிறது. இரண்டு இடத்துக்கும் எச்.ஆர். பொறுப்பு என்னுடையது. வளர்ந்துவரும் சந்தைகளில் வேலை பார்க்க என்ன புதுத் திறமைகள் வேண்டும்? சர்வதேசச் சான்றிதழ் ஏதாவது படிக்கலாமா?

பதில்: ‘வளர்ந்துவரும் சந்தை’ என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். 1981ல் உலக வங்கிக் குழுமத்தின் சர்வதேச நிதிக் கழகத்தில் இருந்த ஆன்டுவான் வான் அக்ட்மீல் உருவாக்கிய சொல் அது. முதலீட்டாளர்களுக்காக வந்த சொல். பங்குச் சந்தையைப் பார்ப்பவருக்கு பிரேசிலையும் துருக்கியையும் வியட்நாமையும் ஒரே கூடையில் போடுவது வசதி. ஆட்களோடு வேலை செய்யும் நமக்கு அந்தக் கூடை உதவாது. இந்தோனேசியாவில் கற்றது கென்யாவில் அப்படியே செல்லாது. ஆகவே ‘வளர்ந்துவரும் சந்தைகளுக்கான எச்.ஆர். திறமை’ என்று ஒரு பொதுப் பட்டியலைத் தேடாதீர்கள்.

நான் முதன்மையாக நினைக்கும் திறமை வேறு. உங்கள் தலைமையகத்தில் ஒரு எச்.ஆர். கையேடு இருக்கும். அதில் எந்த வரி உள்ளூருக்கு ஏற்ப மாற வேண்டும், எந்த வரி எந்த நாட்டிலும் மாறக் கூடாது என்று பிரிக்கத் தெரிய வேண்டும். அப்புறம், ஏன் அப்படிப் பிரித்தோம் என்று மேலே இருப்பவர்களுக்குப் புரியவைக்கத் தெரிய வேண்டும். மற்ற எல்லாம் இதற்குள் அடங்கும்.

முதலில் ஒப்பந்தம். இந்தோனேசியாவுக்கு நான் முதன்முதலாக ஆள் எடுத்தபோது, எங்களுடைய வழக்கமான படிவத்தையே எடுத்து, இரண்டு வருட ஒப்பந்தத்தில் மூன்று மாதத் தகுதிகாண் காலம் போட்டு அனுப்பிவிட்டேன். அங்கே குறித்த கால ஒப்பந்தத்தில் தகுதிகாண் காலம் வைக்கவே கூடாது. வைத்தால் அந்த விதி செல்லாது. நிரந்தர வேலைக்கு மட்டும்தான் வைக்கலாம், அதுவும் அதிகபட்சம் மூன்று மாதம். உள்ளூர் வழக்கறிஞர் சுட்டிக்காட்டியபோது பதினொரு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒவ்வொருவரையும் உட்காரவைத்து விளக்கி, புது ஒப்பந்தம் கொடுக்க ஒரு மாதம் ஆனது. பணத்தைவிட நம்பிக்கைதான் அதிகம் செலவானது.

அதே நாட்டில் இன்னும் சில விஷயங்களை நீங்கள் பட்ஜெட் போடும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். ஒப்பந்தம் இந்தோனேசிய மொழியில் இருக்க வேண்டும். ஆங்கிலத்திலும் எழுதி இரண்டுக்கும் முரண்பாடு வந்தால் இந்தோனேசிய வாசகமே செல்லும். பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு மதப் பண்டிகைக்கு ஏழு நாள் முன்னதாக ஒரு மாதச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அதன் பெயர் டி.எச்.ஆர்.; நிறுவனம் விருப்பப்பட்டுத் தரும் போனஸ் இல்லை, சட்டப்படியான கடமை. ஒரு வருடம் முடியாதவருக்கு வேலை செய்த மாதங்களின் விகிதப்படி. குறித்த கால ஒப்பந்தம் முடியும்போது வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில் இழப்பீடும் உண்டு. இது 2021ல் வந்த அரசாணை. தலைமையகத்தின் எக்செல் தாளில் ‘12 மாதச் சம்பளம்’ என்று இருந்தால் முதல் வருடமே கணக்கு இடிக்கும்.

கென்யாவில் பிரச்சினை வேறு மாதிரி. அங்கே விதிகள் நகர்ந்துகொண்டே இருக்கும். 2023ல் சம்பளத்தில் 1.5 சதவீதம் வீட்டுவசதி வரியாகப் பிடிக்கச் சொன்னார்கள். முதலாளியும் அதே அளவு கட்ட வேண்டும். அந்த வருட நவம்பரில் உயர் நீதிமன்றம் அது அரசியல் சாசனத்துக்கு முரணானது என்றது. 2024 மார்ச்சில் தனிச் சட்டமாகத் திரும்பி வந்தது. அதே வருட அக்டோபரில் பழைய மருத்துவக் காப்பீட்டு நிதி போய், சம்பளத்தில் 2.75 சதவீதம் பிடிக்கும் புதிய திட்டம் வந்தது. பதினைந்து மாதத்துக்குள் சம்பளச் சீட்டு எத்தனை தடவை மாறியது என்று பாருங்கள். ஒவ்வொரு தடவையும் ஊழியர் உங்களிடம்தான் வந்து கேட்பார்: “ஏன் இந்த மாதம் குறைவு?”

சட்டத்தை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. வழக்கறிஞரிடம் சரியான கேள்வி கேட்கப் பழகுங்கள் என்கிறேன். “இது சரியா?” என்று கேட்டால் “சரி” என்பார். “இந்த ஊழியரை இந்தக் காரணத்துக்காக அனுப்பினால், அவர் வழக்குப் போட்டால், நாம் எங்கே தோற்போம்?” என்று கேளுங்கள். அப்போதுதான் பேச்சு உண்மையாகத் தொடங்கும். கென்யாவில் ஆட்குறைப்பு என்றால் ஒரு மாதம் முன்னதாக ஊழியருக்கோ சங்கத்துக்கோ தகவல், தொழிலாளர் அதிகாரிக்கும் தகவல், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் குறைந்தது 15 நாள் சம்பளம் என்று வரிசையாக இருக்கிறது. ஒரு படி தவறினாலும், ஆட்குறைப்புக்கு நியாயமான காரணம் இருந்தும் நீங்கள் தோற்கலாம். ஆரம்பத்தில் உங்களுக்காகத் தன் பெயரில் ஆள் எடுத்துத் தரும் இ.ஓ.ஆர். நிறுவனங்களை வைத்துக்கொள்வது நல்லதுதான். ஆனால் ஒருவரை வேலையிலிருந்து நீக்கும் முடிவு உங்களுடையது. அதன் சிக்கலும் உங்களிடமே வந்து சேரும்.

சம்பளம் பற்றி நான் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். எச்.ஆர். ஆட்களில் பலர் பணவீக்கம், நாணய மதிப்பு எல்லாம் நிதித் துறையின் பாடு என்று விட்டுவிடுகிறார்கள். இந்தச் சந்தைகளில் அது முடியாது. நைஜீரியா 2023 ஜூனில் தன் நாணயமான நைராவின் விலையைச் சந்தையின் போக்குக்கு விட்டபோது, டாலருக்கு 470 அருகில் இருந்த அதிகாரபூர்வ விலை சில வாரங்களில் 750ஐத் தொட்டது. 2024 தொடக்கத்தில் 1,400ஐத் தாண்டியது. வருடத்துக்கு ஒரு தடவை ஏப்ரலில் இன்க்ரிமென்ட் என்று உட்கார்ந்திருந்த நிறுவனத்தின் ஊழியர் என்ன செய்வார்? துருக்கியில் 2022 அக்டோபரில் ஆண்டுப் பணவீக்கம் 85 சதவீதம். 2022லும் 2023லும் அரசே குறைந்தபட்ச ஊதியத்தை வருடத்துக்கு இரண்டு முறை உயர்த்தியது.

‘சரி, டாலரில் கொடுத்துவிடலாம்’ என்று உடனே தோன்றும். பல நாடுகளில் அதற்கும் தடை உண்டு. துருக்கி 2018லேயே வேலை ஒப்பந்தங்களை வெளிநாட்டு நாணயத்தில் போடுவதைக் கட்டுப்படுத்தியது. ஆகவே கையில் சில வழிகளை முன்கூட்டியே வைத்திருங்கள்: ஆறு மாதத்துக்கு ஒரு மறுபரிசீலனை, அடிப்படைச் சம்பளத்தைத் தொடாமல் ஒருமுறைத் தொகை, நாணயம் இவ்வளவு சதவீதத்துக்கு மேல் விழுந்தால் தானாகவே நடக்க வேண்டிய கூட்டம். இதை எல்லாம் நெருக்கடி வருவதற்கு முன்பே நிதித் துறையோடு எழுதி முடித்துவிட வேண்டும். நெருக்கடியில் எழுதினால் யார் சத்தமாகக் கேட்கிறாரோ அவருக்குத்தான் உயர்வு கிடைக்கும்.

இனி ஆள் தேர்வு. உலகத்தில் வேலை செய்பவர்களில் 60 சதவீதத்துக்கு மேல், சுமார் 200 கோடிப் பேர், முறைசாரா வேலையில் இருக்கிறார்கள் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018ல் சொன்னது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் வளர்ந்துவரும், வளரும் நாடுகளில். உங்களுக்கு இதன் அர்த்தம் என்ன? நேர்காணலுக்கு வருபவர் ஐந்து வருடம் கிடங்கு நடத்தியிருப்பார். சம்பளச் சீட்டு இருக்காது, அனுபவக் கடிதம் இருக்காது. நீங்கள் பழகிய சல்லடை முதல் சுற்றிலேயே அவரைத் தள்ளிவிடும். காகிதத்தை நம்பாமல் வேலையை நம்பப் பழக வேண்டும். உண்மையான ஒரு வேலையை ஒரு மணி நேரம் செய்யச் சொல்லுங்கள், எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள், ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடுங்கள். நான் எடுத்ததிலேயே மிகச் சிறந்த கிடங்கு மேலாளரின் விண்ணப்பம் அரைப் பக்கம்தான்.

அதோடு மௌனத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். ஒரு தடவை புது அப்ரைசல் முறையை விளக்கினேன். கேள்வி இருக்கிறதா என்றேன்; எல்லோரும் தலையாட்டிச் சிரித்தார்கள். மூன்று வாரத்தில் இரண்டு நல்ல ஆட்கள் போய்விட்டார்கள். மதிப்பெண்ணைச் சக ஊழியர்கள் முன்னால் சொல்வது அவர்களுக்கு அவமானமாக இருந்திருக்கிறது. மேலதிகாரியிடம் நேரடியாக மறுப்புச் சொல்லாத பழக்கம் உள்ள இடத்தில், கூட்டத்தில் கிடைக்கும் ‘ஆமாம்’ பதில் ஆகாது. இப்போதெல்லாம் எந்த மாற்றத்தையும் முதலில் குழுவில் மதிப்புள்ள ஒருவரிடம் தனியாகக் காட்டி, “இதில் எது யாருக்கு வலிக்கும்?” என்று கேட்கிறேன். ஆனால் ‘இந்த நாட்டுக்காரர்கள் இப்படித்தான்’ என்ற முடிவோடு மட்டும் போகாதீர்கள். ஒரே அலுவலகத்தில் ஐந்து விதமான மனிதர்கள் இருப்பார்கள்.

இதுவரை சொன்னது வளைய வேண்டிய இடம். வளையக் கூடாத இடத்தில் முதலாவது, யாரை எடுக்கிறோம் என்பதற்குப் பின்னால் இருக்கும் காரணம். சீன அதிகாரிகளின் பிள்ளைகளையும் உறவினர்களையும் தொழில் ஆதாயத்துக்காக வேலைக்கு எடுத்த விவகாரத்தில், 2016 நவம்பரில் ஜே.பி. மார்கன் அமெரிக்க அதிகாரிகளுக்குச் சுமார் 26.4 கோடி டாலர் கட்டியது. பணப்பெட்டி எதுவும் கைமாறவில்லை. வேலையே லஞ்சமாகக் கருதப்பட்டது. அது நடந்தது ஆள் தேர்வில். “அமைச்சக அதிகாரியின் மருமகன், ஒரு இன்டர்ன்ஷிப் போதும்” என்று உள்ளூர் மேலாளர் கேட்கும் நாள் உங்களுக்கும் வரும். மற்றவர்கள் போகும் அதே தேர்வு வழியில் அவரும் வரட்டும் என்று சொல்லி, அந்த வேண்டுகோளை எழுத்தில் பதிவு செய்யுங்கள். பணி அனுமதி சீக்கிரம் கிடைக்கச் சிறு தொகை கேட்டாலும் அப்படித்தான். பிரிட்டனின் 2010 லஞ்சச் சட்டம் அந்தச் சிறு தொகைக்கும் விலக்குத் தருவதில்லை.

சம்பளம் சொன்ன நாளில் போவது, பாதுகாப்பு, பாலியல் துன்புறுத்தல் புகாரை விசாரிக்கும் முறை ஆகியவையும் இதே பட்டியலில். இவற்றில் ‘இங்கே இப்படித்தான் வழக்கம்’ என்ற வாதத்தைக் கேட்காதீர்கள்.

தலைமையகத்திடம் பேசுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். கையேட்டின் ஒவ்வொரு விதிக்கும் எதிரே மூன்று விஷயம் எழுதுங்கள்: உள்ளூர்ச் சட்டம் என்ன சொல்கிறது, மாற்றாவிட்டால் என்ன செலவு, நம் முடிவு என்ன. ‘அங்கே கலாசாரம் வேறு’ என்று போனால் யாரும் கேட்க மாட்டார்கள். டி.எச்.ஆர். விட்டுப்போனதால் பட்ஜெட்டில் எவ்வளவு துண்டு விழும் என்று தொகையோடு போனால் கேட்பார்கள்.

சான்றிதழ் கேட்டீர்கள். எச்.ஆர். சான்றிதழ்கள் வழங்கும் அமெரிக்க அமைப்பான எச்.ஆர்.சி.ஐ. தரும் ஜி.பி.எச்.ஆர். சான்றிதழ் பல நாடுகளில் எச்.ஆர். பார்ப்பவர்களுக்கானது, படித்தால் சொற்களும் வரிசையும் தெளிவாகும், வேலை மாறும்போதும் உதவும். ஆனால் உங்களுக்கு இருப்பது சில மாதங்கள். நானாக இருந்தால் இந்தோனேசிய மொழி வகுப்பில் சேருவேன். லத்தீன் எழுத்துதான், காலத்துக்கு ஏற்ப வினைச்சொல் மாறாது, தொடங்குவது எளிது. கென்யாவில் அலுவலகம் ஆங்கிலத்திலேயே நடக்கும். கொஞ்சம் சுவாஹிலி போதும். மூன்று மாதம் உட்கார்ந்து படித்தால், ஜகார்த்தாவில் ஒரு நேர்காணலின் முதல் ஐந்து நிமிடத்தை அவர்கள் மொழியில் நடத்த முடியும்.