அவர் இல்லாத கூட்டத்தில் அவர் பெயரைச் சொல்லுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

பணியிடத்தில் ஒரு பெண்ணின் முன்னேற்றத்துக்கு இன்னொரு பெண் எவ்வாறு துணை நிற்கலாம் என்பது குறித்து வாசகியர் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறேன்.

கேள்வி: எங்கள் மென்பொருள் நிறுவனத்தில் மூத்த பெண் ஊழியர் ஒவ்வொருவரிடமும் புதிதாகச் சேர்ந்த பெண்கள் இருவரை ஒப்படைத்து, மாதம் ஒருமுறை அவர்களுடன் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நானும் பேசுகிறேன். ஊர், குடும்பம், வேலைப்பளு என்று நலம் விசாரிப்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கடைசியில் தன்னம்பிக்கையோடு இருக்கும்படி சொல்லி அனுப்புகிறேன். இதனால் அவர்களுக்கு உண்மையில் பயன் உண்டா?
– வாசகி, கோவை

பதில்: அன்போடு விசாரிக்கும் மூத்தவர் ஒருவர் அலுவலகத்தில் இருப்பதே முதல் ஆண்டில் ஒரு பெண்ணுக்குப் பெரிய ஆறுதல் என்பதால், அதை விட்டுவிட வேண்டாம். ஆனால் தன்னம்பிக்கை பற்றிய அறிவுரையைக் குறைத்துக்கொள்ளுங்கள். வளாகத் தேர்வில் பல சுற்றுகளைக் கடந்து வந்திருக்கும் பெண்ணிடம் தன்னம்பிக்கை இல்லை என்று நாமாக ஏன் முடிவு செய்ய வேண்டும்? அவரிடம் பெரும்பாலும் இல்லாதது தகவல். எந்த புராஜெக்ட் விரைவில் முடியப்போகிறது, எந்தத் தொழில்நுட்பத்துக்கு அடுத்த ஆண்டு ஆள் தேடுவார்கள், ஆன்சைட் என்னும் வெளிநாட்டுப் பணி வாய்ப்புக்கு யாருடைய பரிந்துரை எடுபடும், அப்ரைசல் என்னும் பணி மதிப்பீட்டுப் படிவத்தில் மேலிடம் எதைத் தேடிப் படிக்கிறது என்பன போன்ற செய்திகள் தேநீர்க் கடையிலும் இரவு நேர அரட்டையிலும் ஆண்களுக்குள் இயல்பாகக் கைமாறுகின்றன. இருட்டுவதற்குள் விடுதிக்குத் திரும்ப வேண்டிய பெண்ணின் காதுக்கு அவை வருவதே இல்லை. அவற்றைச் சொல்லுங்கள்.

அடுத்த சந்திப்புக்கு அவரவர் அப்ரைசல் படிவத்தை எடுத்துவரச் சொல்லி, வரி வரியாகச் சேர்ந்து படியுங்கள். குழுவோடு சேர்ந்து செய்தேன், உதவியாக இருந்தேன் என்று எழுதியிருக்கும் இடங்களில், அவர் தனியாகச் செய்தது எது, அதனால் எவ்வளவு நேரம் மிச்சமானது, எந்தப் பிழை தீர்ந்தது என்று கேட்டுக் கேட்டுத் திருத்தச் செய்யுங்கள். ஒரு மணி நேரம் இப்படிச் செலவிட்டால், ஓராண்டு நலம் விசாரிப்பால் கிடைக்காத பயன் அவருக்குக் கிடைக்கும்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று உண்டு. ஹெர்மினியா இபாரா என்ற மேலாண்மைப் பேராசிரியரும் அவருடைய சகாக்களும் 2010-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று, பெண்களுக்கு அறிவுரை கூறும் வழிகாட்டிகள் குறைவில்லாமல் கிடைத்தாலும் பதவி உயர்வு அதே அளவில் கிடைப்பதில்லை என்பதை எடுத்துக்காட்டியது. ஆண்களுக்கு வாய்த்த வழிகாட்டிகள் பெரும்பாலும் உயர்ந்த பதவியில் இருந்தார்கள். பதவிகள் தீர்மானிக்கப்படும் இடத்தில் அவர்களுக்காக வாதாடினார்கள். பெண்களுக்கு வாய்த்தவர்கள் தனியே உட்காரவைத்து ஆலோசனை சொன்னார்கள். ஆகவே, உங்கள் இளையவர் இல்லாத கூட்டத்தில் அவர் பெயரைச் சொல்லுங்கள். புதிய பொறுப்புக்கு யாரைப் போடலாம் என்று பேச்சு வரும்போது, இன்ன வேலையை இன்னார் இப்படி முடித்தார் என்று ஆதாரத்தோடு சொல்லுங்கள். வழிகாட்டுதலின் உயிர்நாடி இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நம் மண்ணில் இதற்குப் பழைய முன்னுதாரணம் இருக்கிறது. குழந்தைப் பருவத்திலேயே கணவரை இழந்து, 1911-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமி, தம்மைப் போன்ற இளம் கைம்பெண்களைத் தம் வீட்டில் தங்கவைத்துப் படிக்கவைக்க முனைந்தபோது, அரசின் மகளிர் கல்வி ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் என்ற அயர்லாந்துப் பெண்மணி அந்த முயற்சியை அரசிடம் எடுத்துச் சென்று ஆதரவு பெற்றுத் தந்தார். கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸ் கட்டடம் கைம்பெண்களின் விடுதியாக மாறியது. 1922-இல் லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டபோது சுப்புலட்சுமியே அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். மூலையில் முடங்கிக் கிடக்க வேண்டியவர்கள் என்று ஊர் தீர்மானித்திருந்த பெண்கள் அவர் கையால் ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள். லிஞ்ச் அனுதாபத்தோடு நிறுத்திக்கொண்டிருந்தால் இது நடந்திருக்காது. தம் பதவியின் செல்வாக்கை இன்னொரு பெண்ணின் திட்டத்துக்காகச் செலவிட்டார்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. மூத்தவர்கள் தம்மையறியாமல் தம் ஊர், தம் சாதி, தம்மைப் போன்ற ஆங்கிலப் பள்ளிப் படிப்பு உள்ள பெண்களிடமே நெருங்குகிறார்கள். உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட இருவரில் பேசத் தயங்குபவர் எவரோ அவருக்கு அதிக நேரம் கொடுங்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வந்திருக்கும் பெண்ணுக்கு, அலுவலக நடைமுறையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் ஒருவரும் இல்லை.

கேள்வி: கூட்டத்தில் நான் சொல்லும் யோசனையை ஒருவரும் கவனிப்பதில்லை. சற்று நேரம் கழித்து ஆண் சகா ஒருவர் அதையே சொன்னால் பாராட்டு அவருக்குப் போகிறது. என்ன செய்வது?
– வாசகி, சென்னை

பதில்: இதைத் தனியாகத் தீர்ப்பது கடினம், இருவர் சேர்ந்தால் எளிது. அமெரிக்க அதிபராக ஒபாமா இருந்த காலத்தில் வெள்ளை மாளிகையில் பணியாற்றிய பெண்கள் தமக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டதை 2016-இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் வெளியிட்டது. ஒரு பெண் முக்கியமான கருத்தைச் சொன்னால், மற்றொருவர் அதைத் திரும்பச் சொல்வார்; சொல்லும்போதே முதலில் சொன்னவரின் பெயரையும் சேர்த்துச் சொல்வார். யோசனை யாருடையது என்பது கூட்டத்தில் பதிந்துவிடும். உங்கள் குழுவில் நம்பிக்கையான ஒருவரோடு பேசி அடுத்த கூட்டத்திலேயே தொடங்குங்கள். கூட்டம் முடிந்ததும், பேசப்பட்டவற்றை யார் எதைச் சொன்னார் என்ற விவரத்தோடு மின்னஞ்சலில் அனுப்பும் பொறுப்பையும் உங்களில் ஒருவர் ஏற்றுக்கொள்ளலாம்.

கேள்வி: நான் அரசு அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளர். எங்கள் பெண் அதிகாரி ஆண் ஊழியர்களிடம் இயல்பாக இருக்கிறார். பெண்களிடம் மட்டும் கடுமை காட்டுகிறார். தாம் பட்ட கஷ்டத்தை நாங்களும் பட வேண்டும் என்று நினைக்கிறார் போலும். பெண்ணுக்குப் பெண்ணே எதிரி என்பது உண்மைதானா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: உங்கள் மனவருத்தம் நியாயமானது. ஆனால் அந்தப் பழமொழியை நான் ஏற்கவில்லை, ஏனென்றால் ஆண் அதிகாரி கடுமை காட்டினால் ஆணுக்கு ஆண் எதிரி என்று எவரும் சொல்வதில்லை.

உயர்பதவிக்கு வந்த பெண் மற்றப் பெண்களைத் தள்ளிவைப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 1970-களில் ராணித் தேனீயின் குணம் என்று பெயரிட்டு விவரித்தார்கள். வெகுகாலம் இது பெண்களின் இயல்பாகவே பேசப்பட்டது. பெல் டெர்க்ஸ் என்ற நெதர்லாந்து உளவியலாளரும் அவருடைய சகாக்களும் அந்நாட்டுக் காவல்துறையின் மூத்த பெண் அதிகாரிகளிடம் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வு வேறு ஒன்றைக் காட்டியது. பெண் என்பதால் தமக்கு நேர்ந்த பாகுபாட்டை நினைவுகூரச் செய்தபோது, மற்றப் பெண்களோடு தம்மைச் சேர்த்து எண்ணாத அதிகாரிகள்தாம் விலகிக்கொண்டார்கள். சேர்த்து எண்ணியவர்களுக்கோ, இளையவர்களுக்கு உதவ வேண்டும் என்ற விருப்பம் கூடியது. ஆகவே பாகுபாடு மிகுந்த இடம்தான் இந்தக் கடுமையை விளைவிக்கிறது.

தமிழ்நாடு காவல்துறையில் 1973-இல் பெண்கள் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது, ஓர் உதவி ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், 20 காவலர்கள் என்று மொத்தம் 22 பேர்தான். அத்தனை சிறிய கூட்டத்தில் ஒருவர் செய்யும் தவறு எல்லாப் பெண்களின் தவறாகவே எண்ணப்பட்டிருக்கும். உங்கள் அதிகாரி பணியில் சேர்ந்த காலத்து அலுவலகமும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்திருக்கும். தம் கீழ் உள்ள பெண்ணின் பிழை தம் மீது படியும் என்ற அச்சம் அவருக்கு இன்னும் இருக்கலாம். இது அவர் நடத்தைக்குக் காரணமே ஒழிய, நியாயம் ஆகாது.

அவரிடம் பரிவை எதிர்பார்த்து நிற்காமல் வேலை சார்ந்த ஒன்றைக் கேளுங்கள். சிக்கலான கோப்பு ஒன்றுக்குக் குறிப்பு எழுதி, அதை எப்படிச் சீராக்கலாம் என்று கேட்கலாம். பதவி உயர்வுக்கான துறைத் தேர்வுக்கு எதைப் படிப்பது என்று கேட்கலாம். இப்படிக் கேட்பவரிடம் இளகும் அதிகாரிகள் பலர் உண்டு. மற்றவர் முன்னிலையில் அவமதிப்பதும், உரிய விடுப்பை மறுப்பதும் தொடருமானால் தேதியோடு குறித்துவைத்து, எழுத்து மூலம் மேலிடத்துக்குக் கொண்டு செல்லுங்கள். அவரும் பெண்தானே என்று பொறுத்துப்போக வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் பிரிவில் மூத்த பெண்களே இல்லை. ஆண் அதிகாரி ஒருவரிடம் வழிகாட்டுதல் கேட்கலாமா? வம்பு பேசுவார்களோ என்று அஞ்சுகிறேன்.
– வாசகி, ஓசூர்

பதில்: தாராளமாகக் கேளுங்கள். அலுவலக நேரத்தில், அலுவலக இடத்தில், இன்ன விஷயம் பற்றி என்று முன்கூட்டியே எழுதித் தெரிவித்துவிட்டுச் சந்தியுங்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் பணியாற்றும் ஒவ்வோர் இடத்திலும், பாலியல் தொந்தரவு பற்றிய புகார்களை விசாரிக்க, மூத்த பெண் ஊழியர் தலைமையில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பின் சேரும் பெண்ணுக்கு முதல் நாளே சொல்லுங்கள்.

கேள்வி: எனக்குச் சம்பளம் குறைவோ என்று ஐயமாக இருக்கிறது. சம்பளத்தைப் பற்றிச் சக பெண்களிடம் பேசுவது அநாகரிகமா?
– வாசகி, பெங்களூரு

பதில்: அநாகரிகம் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்காத வரையில், குறைவாகப் பெறுபவர் தம் திறமைதான் குறைவு என்று நம்பிக்கொண்டிருப்பார். அமெரிக்காவின் எம்.ஐ.டி. (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) நிறுவனத்தில் உயிரியல் பேராசிரியராக இருந்த நான்சி ஹாப்கின்ஸ் ஆய்வுக்கூடத்துக்குப் போதிய இடம் கிடைக்காமல் தவித்தவர். அளவுநாடாவை எடுத்துக்கொண்டு ஆண்கள், பெண்கள் இருபாலரின் ஆய்வுக்கூடங்களையும் தாமே அளந்து பார்த்தார். 1994-இல் தம் மனக்குறையைச் சக பேராசிரியை ஒருவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னபோதுதான், அவருக்கும் அதே அனுபவம் இருந்தது தெரியவந்தது. அறிவியல் பிரிவில் நிரந்தரப் பதவியில் இருந்த பெண்கள் அப்போது 15 பேர் மட்டுமே. ஆண்களோ 190-க்கும் அதிகம். அந்தப் பெண்கள் ஒன்றுசேர்ந்து முறையான விசாரணை கேட்டார்கள். இடம், ஊதியம் எனப் பலவற்றிலும் வேறுபாடு இருந்ததை அந்த நிறுவனமே 1999-இல் அறிக்கையாக வெளியிட்டு ஒப்புக்கொண்டது. ஒருவர் தனியாகப் புலம்பியிருந்தால் அது அவர் சுபாவம் என்று தள்ளியிருப்பார்கள்.

நம் நாட்டில் சம வேலைக்குச் சம ஊதியம் என்பதற்கு 1976-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. மூத்த பெண்கள் தம் சம்பளத்தை அப்படியே சொல்லத் தயங்கினால், இந்தப் பொறுப்புக்கு எந்த அளவிலிருந்து எந்த அளவு வரை கேட்கலாம் என்றாவது இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

கேள்வி: இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றேன். இரு குழந்தைகளை வளர்ப்பதற்காக ஆறு ஆண்டுகள் வேலையிலிருந்து விலகியிருந்தேன். மீண்டும் ஆராய்ச்சிக்கு வர வழி உண்டா?
– வாசகி, திருச்சி

பதில்: உண்டு. உங்களைப் போன்று இடைவெளி விட்டவர்கள் உட்படப் பெண் ஆய்வாளர்களுக்கென்றே மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை வைஸ்–கிரண் என்ற திட்டத்தை நடத்துகிறது. அதில் ஆராய்ச்சி உதவித்தொகையும் உண்டு. காப்புரிமை போன்ற அறிவுசார் சொத்துரிமைத் துறையில் பயிற்சி பெற்று வேறு வழியில் வேலைக்கு வரும் பிரிவும் உண்டு. விண்ணப்பத்துக்கு உங்களை ஏற்கும் ஆய்வுக்கூடம் ஒன்று வேண்டியிருக்கும் என்பதால், பழைய ஆய்வு நெறியாளருக்கும், அருகிலுள்ள கல்லூரிகளில் பணியாற்றும் பேராசிரியைகளுக்கும் இந்த வாரமே கடிதம் எழுதுங்கள். இடைவெளிக்காக மன்னிப்புக் கேட்கும் தொனியில் எழுத வேண்டாம். இப்போது செய்ய விரும்பும் ஆராய்ச்சியை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள்.

கேள்வி: பனியன் கம்பெனியில் பல ஆண்டுகளாக டெய்லராக இருக்கிறேன். லைனில் பெண்கள்தான் அதிகம், சூப்பர்வைசர்களோ ஆண்கள். நானும் சூப்பர்வைசர் ஆக விரும்புகிறேன். வழிகாட்டி, ஆலோசகர் என்பதெல்லாம் படித்தவர்களுக்கு மட்டும்தானா?
– வாசகி, திருப்பூர்

பதில்: இல்லை, சகோதரி. இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது உங்களுடையது. ஜெயா அருணாசலம் 1978-இல் சென்னையில் உழைக்கும் மகளிர் சங்கத்தைத் தொடங்கியபோது, அதில் சேர்ந்தவர்கள் தெருவில் காய்கறியும் பூவும் விற்ற பெண்கள். கடன் பெற்றுத் திருப்பிச் செலுத்தும் குழுக்களுக்கு அந்தந்தத் தெருப் பெண்களே தலைவிகளானார்கள். முன்னால் வந்தவர் பின்னால் வருபவருக்குக் கணக்கையும் வங்கி நடைமுறையையும் கற்றுக்கொடுத்தார். நீங்களும் உங்கள் லைனில் அதைச் செய்யலாம்.

ஒரு மிஷின் மட்டும் தெரிந்தவரைச் சூப்பர்வைசர் ஆக்கத் தயங்குவார்கள். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் மூன்றும் ஓட்டத் தெரிந்த தோழியரோடு பேசி, உணவு இடைவேளையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுங்கள். மணிக்கு எத்தனை பீஸ் வர வேண்டும், எந்த ஆபரேஷனில் வேலை தேங்குகிறது, எத்தனை பீஸ் ஆல்ட்ரேஷனுக்குத் திரும்புகிறது என்ற கணக்கைச் சில வாரங்கள் உங்கள் நோட்டில் எழுதிவாருங்கள். சூப்பர்வைசரின் அன்றாட வேலையில் பெரும்பகுதி இந்தக் கணக்குதான். செக்கிங் பிரிவில் அனுபவமுள்ள அக்கா ஒருவர் இருந்தால், எந்தக் குறை எந்தத் தையலில் வருகிறது என்பதை அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு நோட்டையும் எடுத்துக்கொண்டு, உங்களுக்காகப் பேசக்கூடிய அவரையும் உடன் அழைத்துக்கொண்டு மேலாளரைச் சந்தித்து, அடுத்து வரும் சூப்பர்வைசர் இடத்துக்கு உங்களைப் பழக்கும்படி கேளுங்கள். முடியாது என்றால் எது குறைகிறது என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்து, எனக்கும் ஒரு கடிதம் போடுங்கள்.