சின்ன கிறிஸ்தவக் கல்லூரியில் லிபரல் ஆர்ட்ஸ்: பணம் கட்டும் முன்

கேள்வி: என் மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். பொறியியலும் வேண்டாம், மருத்துவமும் வேண்டாம், லிபரல் ஆர்ட்ஸ்தான் படிப்பேன் என்கிறாள். அமெரிக்காவில் ஆயிரம் பேர் படிக்கும் சின்ன கிறிஸ்தவக் கல்லூரி ஒன்றில் இடமும், ஆண்டுக்கு 25,000 டாலர் ஸ்காலர்ஷிப்பும் கிடைத்திருக்கிறது. நாங்கள் இந்துக் குடும்பம். மதம் மாறச் சொல்வார்களா? இந்தப் படிப்பை நம்பி அனுப்பலாமா? (ஒரு தாய், தேனி)

பதில்: முதலில் படிப்பைப் பற்றி. ஆர்ட்ஸ் என்றதும் இலக்கியமும் ஓவியமும்தான் என்று நினைக்க வேண்டாம். உயிரியல், கணிதம், பொருளாதாரம் எல்லாமே லிபரல் ஆர்ட்ஸுக்குள் அடக்கம். முதல் இரண்டு ஆண்டு பல துறைகளையும் தொட்டுப் பார்த்துவிட்டு, இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் ஒரு மேஜரை, அதாவது முதன்மைப் பாடத்தை, தேர்ந்தெடுப்பார்கள். வகுப்பில் பதினைந்து, இருபது பேர்தான் இருப்பார்கள். ஒரு கட்டுரையின் இரண்டே பக்கத்தை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவார்கள். உங்கள் மகள் எழுதிக் கொடுத்தது ஓரமெல்லாம் குறிப்புகளோடு திரும்பி வரும், மறுபடி எழுதச் சொல்வார்கள். பதில்களை மனப்பாடம் செய்து பழகிய நம் பிள்ளைகளுக்கு முதல் செமஸ்டர் கண்ணீரில்தான் போகும். ஆனால் நான்கு ஆண்டு கழித்து அவர்கள் எழுதுவதையும் பேசுவதையும் பார்த்தால் அந்தக் கண்ணீர் வீண் போகவில்லை என்று தெரியும். இந்தப் படிப்பின் மேல் எனக்கு முழு நம்பிக்கை உண்டு.

அடுத்து மதம். 'கிறிஸ்தவக் கல்லூரி' என்ற ஒரே பெயருக்குள் மூன்று விதமான கல்லூரிகள் இருக்கின்றன. இல்லினாய் மாநிலத்து வீட்டன் கல்லூரியில் ஆசிரியர்கள் விசுவாச அறிக்கையை, அதாவது கிறிஸ்தவ நம்பிக்கைகளின் பட்டியலை, ஏற்க வேண்டும். மாணவர்களும் ஒரு வாழ்க்கைமுறை உடன்படிக்கையில் கையெழுத்திட வேண்டும். கிறிஸ்தவ நம்பிக்கை இல்லாத ஒரு பெண் மனசாட்சியோடு அதில் கையெழுத்துப் போட முடியாது. மினசோட்டாவில் உள்ள செயின்ட் ஓலாஃப் வேறு விதம். நார்வேயிலிருந்து குடியேறிய லுத்தரன் என்ற புராட்டஸ்டன்ட் சபையினர் 1874-இல் தொடங்கியது. மதம் பற்றிய பாடம் உண்டு, சேப்பல் என்ற வளாகத் தேவாலயத்தில் வழிபாடும் உண்டு, ஆனால் வழிபாட்டுக்குப் போவது அவரவர் விருப்பம். ஓஹையோவின் ஓபர்லின் மூன்றாம் விதம். 1833-இல் ஒரு பாதிரியாரும் ஒரு மிஷனரியும் தொடங்கிய அந்தக் கல்லூரி இன்று எந்தச் சபையையும் சேர்ந்ததல்ல. உங்கள் பக்கத்து மதுரையில் தெரிந்த பெயர்தான். அமெரிக்கன் கல்லூரிக்கும் லேடி டோக் கல்லூரிக்கும் அங்கிருந்து இளம் பட்டதாரிகள் கற்பிக்க வந்திருக்கிறார்கள்.

உங்களுக்கு இடம் கொடுத்த கல்லூரி இதில் எந்த வகை? மாணவர் கையேட்டை இறக்கிப் படியுங்கள். மாணவர் எதிலாவது கையெழுத்திட வேண்டுமா, சேப்பலுக்கு வருகைப்பதிவு உண்டா, பைபிள் பாடம் எத்தனை என்ற மூன்றுக்கும் அதிலேயே விடை இருக்கும். பைபிளைப் பாடமாகப் படிப்பது வேறு, மதம் மாறுவது வேறு. பாடத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கையெழுத்துதான் யோசிக்க வேண்டிய இடம்.

பணத்துக்கு வருகிறேன், நான் அதிகம் கவலைப்படுவது இதில்தான். 25,000 என்ற எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். கல்விக் கட்டணம், விடுதி, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு எல்லாம் கூட்டி 55,000 டாலர் வருகிறது என்று வையுங்கள். மீதி 30,000-ஐ நான்கு ஆண்டும் நீங்கள்தான் கட்ட வேண்டும், கட்டணமோ ஆண்டுதோறும் ஏறும். மதிப்பெண் குறைந்தால் ஸ்காலர்ஷிப் நின்றுவிடுமா என்று எழுத்தில் கேளுங்கள். மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அது கைச்செலவுக்கு ஆகும், கட்டணத்துக்கு ஆகாது.

கென்டக்கியில் பெரியா என்றொரு கல்லூரி இருக்கிறது. 1855-இல் அடிமை ஒழிப்பு இயக்கத்தைச் சேர்ந்த ஜான் ஃபீ என்ற போதகர் தொடங்கியது. எல்லா இனத்தாரும் ஒரே இரத்தம் என்ற வேத வசனம்தான் அதன் குறிக்கோள். அங்கே கல்விக் கட்டணமே கிடையாது, மாணவர்கள் எல்லோரும் வாரம் 10 மணி நேரமாவது கல்லூரியில் வேலை செய்ய வேண்டும். வெளிநாட்டு மாணவர்களை மிகச் சிலரைத்தான் எடுப்பார்கள். இந்த ஆண்டு தவறினாலும் அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கத் தகுந்த இடம்.

இன்னொன்று, ஏஜென்டுகள் வாயே திறக்காத விஷயம். சின்னக் கல்லூரிகள் மூடப்படுகின்றன. மெதடிஸ்ட் சபையோடு இணைந்த அயோவா வெஸ்லியன் 1842-இல் தொடங்கியது, 2023-இல் மூடிவிட்டார்கள். அலபாமாவின் பர்மிங்ஹாம் சதர்ன் 1856-இல் தொடங்கியது, அதுவும் 2024 மே மாதத்தோடு முடிந்தது. பாதியில் மூடினால் பிள்ளை வேறு கல்லூரிக்கு மாற வேண்டும், விசா ஆவணமும் மாற்ற வேண்டும். லாபநோக்கற்ற கல்லூரிகள் அமெரிக்க வரித்துறைக்குத் தரும் 990 என்ற படிவம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். கல்லூரிப் பெயரைப் போட்டுத் தேடி, கடைசி ஐந்து ஆண்டு வரவையும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஆண்டுதோறும் பற்றாக்குறை, மாணவர் எண்ணிக்கையிலும் சரிவு என்றால், இடம் கிடைத்த மகிழ்ச்சியை ஒதுக்கி வைத்துவிட்டு வேறு கல்லூரி பாருங்கள். கல்லூரியின் அங்கீகாரம் நடப்பில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். பட்டத்தோடு இந்தியா திரும்பி அரசு வேலைக்கோ மேற்படிப்புக்கோ போக, அது இந்தியப் பட்டத்துக்குச் சமம் என்னும் இணைத்தகுதிச் சான்று கேட்பார்கள்.

படிப்பு முடிந்து அங்கே வேலை பழக 12 மாதம் அனுமதி உண்டு, அறிவியல் கணிதத் துறைகளுக்கு மேலும் 24 மாதம். பொருளாதாரத்தைச் சில கல்லூரிகள் கணிதம் சார்ந்த துறைக் குறியீட்டு எண்ணில் பதிந்திருக்கும், சில பதிந்திருக்காது. பதிந்திருந்தால்தான் அந்த 24 மாதம் கிடைக்கும். மகள் அந்தப் பக்கம் சாய்ந்தால் மேஜரின் குறியீட்டு எண்ணை இப்போதே கேட்டு வையுங்கள்.

அட்மிஷன் அலுவலகத்துக்கு மகளையே எழுதச் சொல்லுங்கள்: மூன்றாம் ஆண்டு படிக்கும், கிறிஸ்தவரல்லாத ஒரு இந்திய மாணவியோடு பேச ஏற்பாடு செய்து தர முடியுமா என்று. அந்தப் பேச்சில் நீங்கள் உட்கார வேண்டாம், மகள் மட்டும் பேசட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்கிறாய், தீபாவளிக்கு எங்கே போனாய் என்று கேட்கட்டும்.