தாயைக் காட்டாதவரிட்டைக் குட்டி வாங்காதீங்கோ

தம்பி கேட்டிருந்தது இதுதான். யாழ்ப்பாணத்திலயிருந்து குடும்பத்தோட சென்னைக்கு வந்து நாலு மாசம். ஈஞ்சம்பாக்கத்தில் தனி வீடு. வேலைக்காக மாசத்தில் பத்து நாள் வெளியூர், மனிசியும் ரெண்டு பிள்ளையளும் தனிய. அதால ஒரு பெரிய காவல் நாய்க்குட்டி வேணும், காகேசியன் ஷெப்பர்டோ ராட்வைலரோ. ஒருத்தர் போனில் படம் அனுப்பி, பத்தாயிரம் அட்வான்ஸ் போட்டால் குட்டியை வீட்டுக்கே கொண்டுவந்து தாறன் எண்டிருக்கிறார். "இங்கை ஆரை நம்பி வாங்கிறது அண்ணை?"

அந்தப் பத்தாயிரத்தை இன்னும் போடேல்லை எண்டால் போடாதீங்கோ. மிச்சத்தை ஆறுதலாய்ச் சொல்லுறன்.

ஊரில் நாங்கள் ஆரும் நாய்க்குட்டியைக் காசுக்கு வாங்கினதில்லை. பக்கத்து வளவில் பெட்டை நாய் குட்டி போட்டால், அது ஓடித் திரியத் தொடங்க ஒரு கடுவனைக் கேட்டுத் தூக்கிக்கொண்டு வருவம். தாய் ஆளைக் கடிக்கிற சாமானோ, படலையில் நிண்டு குரைக்கிறதோட சரியோ எண்டது ஒழுங்கை முழுக்கத் தெரியும். தகப்பன் ஆரெண்டும் அனேகமாய்த் தெரியும். இங்கை ஆயிரக்கணக்கில் காசைக் குடுத்துப்போட்டு, தாய் எப்பிடியிருக்கும் எண்டு தெரியாமல் வாங்கிறம். ஊர் முறைதான் சரியெண்டு நான் ஒரு குட்டியைப் புதைச்சுத்தான் படிச்சனான்.

2007-இல் வளசரவாக்கத்தில் ரெண்டாம் மாடியில் வாடகைக்கு இருந்தனாங்கள். கிரேட் டேன் குட்டி எண்டு சொல்லி ஒருத்தர் கோயம்பேடு பஸ் ஸ்டாண்டுக்கு வெளியில, ஒரு பழப்பெட்டிக்குள்ள வைச்சுத் தந்தவர். உங்கட வீட்டுக்கு வந்து பாக்கலாமோ எண்டு முதலே கேட்டனான். "வீட்ல பெயின்ட் வேல நடக்குது சார்" எண்டார். நான் வாயைத் திறந்தவுடன "சார் கேரளாவா?" எண்டவர், இலங்கை எண்டு சொன்னவுடன விலையில் மூவாயிரம் கூட்டினார். உந்தக் கேரளாக் கேள்வி உங்களுக்கும் இதுக்குள்ள நாப்பது தரம் விழுந்திருக்கும்.

அறுபது நாள் குட்டி எண்டு சொன்னவர். ஐஞ்சாம் நாள் ரத்தமாய்ப் பேதி. ஆட்டோக்காரரிட்டை மிருக வைத்தியசாலை எண்டு சொல்ல அவருக்கு விளங்கேல்லை, பேந்து "மாட்டாஸ்பத்திரியா?" எண்டு வேப்பேரிக்குக் கொண்டுபோனார். 1903-இல் தொடங்கின கால்நடை மருத்துவக் கல்லூரி அது, இண்டைக்கும் எனக்கு அங்கைதான் நம்பிக்கை. டொக்டர் குட்டியின்ர வாயைத் திறந்து பாத்தார். எட்டு வாரத்தில் பால்பல்லு 28-உம் வந்திருக்க வேணும், இதுக்குப் பின்பல்லுப் பாதி முளைக்கேல்லை, ஐஞ்சு வாரம்தான் இருக்கும் எண்டார். நோய், பார்வோ எண்ட வைரஸ். அந்தக் கிருமி உள்ள போய் மூண்டு தொடக்கம் ஏழு நாளில்தான் வெளிய காட்டும். அப்ப விற்றவரிட்டை இருக்கேக்கையே பிடிச்சிருக்கலாம். ரெண்டு நாள் சேலைன் ஏத்தியும் தப்பேல்லை. விற்றவரின்ர நம்பர் அதுக்குப் பிறகு வேலை செய்யேல்லை.

இன்னொரு விசயம். பார்வோக் கிருமி வீட்டிலயும் மண்ணிலயும் மாசக்கணக்கில் கிடக்கும். குட்டி செத்துப்போச்செண்டு ஆரும் உங்களுக்குப் பரிதாபப்பட்டு "வேற குட்டி ஃப்ரீயா தரேன்" எண்டால், ஊசி முடியாத குட்டியை அதே வீட்டுக்குள்ள விடாதீங்கோ.

இப்ப நீங்கள் கேட்ட சாதியளுக்கு வாறன். காகேசியன் மலைப் பனியில் ஓநாயிட்டையிருந்து ஆட்டைக் காக்க எண்டு வளத்த நாய். ரெண்டு அடுக்கு மயிர். ஆளைக் கேக்காமல் தானே முடிவெடுக்கிற சுபாவம் அதுக்கு. கூரியர்க்காரன், வேலைக்கு வாற அக்கா, பிள்ளையளோட விளையாட வாற பக்கத்து வீட்டுப் பெடியன் எல்லாருக்கும் அதின்ர முடிவுதான். நீங்கள் வேற பத்து நாள் வீட்டில இல்லை. அக்கினி நட்சத்திரத்தில் ஈஞ்சம்பாக்கம் உப்புக்காத்தில் அதை ஏசிக்குள்ள வைச்சிருக்கிறதெண்டால், கரண்ட் போற நேரம் என்ன செய்யிறது? 2024-இல் தமிழ்நாட்டு அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்கக் கொள்கை, திபெத்தியன் மாஸ்டிஃப், செயின்ட் பெர்னார்ட், ஹஸ்கி மாதிரியான குளிர்நாட்டு நாயளை இங்கை இனப்பெருக்கம் செய்யக்கூடாது எண்டு சொன்னது, வெக்கைதான் காரணம். காகேசியன்ர மயிருக்கும் அதே வெக்கைதானே. விக்கிறவர் "சென்னை க்ளைமேட்டுக்குப் பழகின லைன் சார்" எண்டு சொல்லுவார். மயிர் பழகாது.

ராட்வைலர் வேற கதை. 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 சாதியளை விற்கவும் வளக்கவும் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதினது. ராட்வைலர், காகேசியன் ரெண்டும் அதுக்குள்ள. அடுத்த மாசமே டெல்லி உயர்நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. மே மாசம் ஆயிரம் விளக்குப் பக்கம் ஒரு மாநகராட்சிப் பூங்காவில் ரெண்டு ராட்வைலர் சேந்து ஐஞ்சு வயசுப் பிள்ளையைக் கடிச்சுக் குதறினது. அதுக்குப் பிறகு சென்னையில் அந்தப் பெயரைக் கேட்டாலே சனம் பயப்பிடுது, அதிகாரியளும் இறுக்கம். உங்கட இடம் மாநகராட்சி எல்லைக்குள்ளதான். காசு குடுக்க முதல் மண்டல அலுவலகத்தில், இந்தச் சாதிக்கு இப்ப புது உரிமம் தருவினமோ எண்டு நேரில கேளுங்கோ. விக்கிறவரின்ர வாய்ச்சொல்லுக்கு அங்கை மதிப்பில்லை. எந்த நாயெண்டாலும் உரிமம் எடுக்க ஊசிச் சான்று வேணும். கவுண்டரில் விசர்நாய் ஊசி எண்டு சொல்லாதீங்கோ, வெறிநாய் எண்டால்தான் விளங்கும்.

என்னைக் கேட்டால் ராஜபாளையத்தைப் பாருங்கோ எண்டுதான் சொல்லுவன். குட்டை மயிர், உயரம், இந்த வெக்கையிலயே பிறந்த நாய், புது ஆளைக் கிட்ட விடாது. 2005-இல் இந்திய அஞ்சல்தலையில் வந்த நாலு உள்நாட்டுச் சாதியில் அதுவும் ஒண்டு. ஆனால் தம்பி, அந்தப் பால் வெள்ளை நிறத்தோட சில குட்டியளுக்குச் செவிட்டுத்தன்மையும் சேந்து வரும். குட்டி நித்திரையாய்க் கிடக்கேக்கை பின்னுக்கு நிண்டு திறப்புக் கோர்வையை, சாவிக்கொத்தைத்தான் சொல்லுறன், குலுக்கிப் பாருங்கோ. நிலத்தில் தட்டாதீங்கோ, அதிர்வுக்கு எழும்பிவிடும். மற்றக் குட்டியளிட்டையிருந்து பிரிச்சு வைச்சுப் பாக்க வேணும், இல்லையெண்டால் மற்றது எழும்பிறதைப் பாத்து இதுவும் எழும்பும்.

எந்தச் சாதியெண்டாலும் ப்ரீடர், அதாவது நாயளை இனப்பெருக்கம் செய்து விக்கிறவரின்ர இடத்துக்குப் போங்கோ. சொல்லாமல் போகச் சொல்லேல்லை, ஆனால் "வழியில வந்து வாங்கிக்கங்க" எண்டவரை விடுங்கோ. தாயைப் பாருங்கோ. அது எலும்பும் தோலுமாய் மூலையில் பதுங்கினாலும் சரி, உங்களைக் கண்டு கம்பியில் பாய்ஞ்சு விழுந்தாலும் சரி, அந்தக் குட்டி வேண்டாம். எத்தினையாவது ஈத்து எண்டு கேளுங்கோ. 2017-இல் வந்த மத்திய அரசு விதியின்படி ப்ரீடர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிஞ்சிருக்க வேணும். பதினெட்டு மாசத்துக்கு முதல் பெட்டையைச் சேக்கக்கூடாது. வாழ்நாளில் ஐஞ்சு ஈத்துக்கு மேல இல்லை. எட்டு வாரத்துக்கு முதல் குட்டியை விக்கவும் கூடாது. பதிவுச் சான்றைக் காட்டுங்கோ எண்டு கேட்டவுடன முகம் சுழிச்சால் எழும்பி வாங்கோ.

கேசிஐ, அதாவது கென்னல் கிளப் ஒஃப் இந்தியாவின்ர வம்சாவளிப் பேப்பர் இருக்கெண்டு பெருமையாய்ச் சொல்லுவினம். அந்தக் கிளப்பின்ர தலைமை அலுவலகமே சென்னையிலதான், விசாரிக்கிறது சுகம். ஆனால் அந்தப் பேப்பர் பாட்டன் பூட்டன் பெயரைத்தான் சொல்லும், இடுப்பைப் பற்றி ஒண்டும் சொல்லாது. பெரிய நாயளுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாய் வரும். தாய் தகப்பன் ரெண்டுக்கும் ரெண்டு வயசுக்குப் பிறகு எடுத்த இடுப்பு எக்ஸ்ரே இருக்கோ எண்டு கேளுங்கோ. பத்துப் பேரிட்டைக் கேட்டால் ஒருத்தர்தான் எடுத்திருப்பார். அந்த ஒருத்தரிட்டை வாங்கத்தான் இவ்வளவு அலைச்சலும்.

நான் கடைசியில் கண்ட ஒருத்தர் செங்குன்றம் பக்கம். ஒரே ஒரு சாதிதான் வளத்தவர். குட்டியளை அடுப்படிக்குள்ளயே விட்டிருந்தவர், மிக்ஸிச் சத்தத்துக்கும் பேரப்பிள்ளையளின்ர கத்தலுக்கும் அதுகள் திரும்பியும் பாக்கேல்லை. நான் கேள்வி கேக்க முதல் அவர் தொடங்கினார். வீட்டில பகல்ல யார் இருப்பா? சொந்த வீடா? வெளியூர் போனா யார் பாத்துப்பா? ரெண்டாம் மாடி எண்டவுடன, "இப்ப வேணாம் சார், கீழ் வீடு போனதும் வாங்க" எண்டு அனுப்பிவிட்டவர். எனக்குச் சரியான கோபம், காசோட போய்நிண்ட ஆளைத் திருப்பி அனுப்புறதோ எண்டு. மூண்டு வருசத்துக்குப் பிறகு வளவோட வீடு எடுத்து, அவரிட்டையே போய் வாங்கினன். அந்த நாய் பதினொரு வருசம் இருந்தது.

உங்களிட்டையும் அந்தக் கேள்வியளைக் கேப்பினம். மாசத்தில் பத்து நாள் நீங்கள் இல்லாட்டில் நாயைக் கட்டுப்படுத்திறது உங்கட மனிசிதான். அவவையும் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போய், அவவின்ர கையில குட்டியைக் குடுத்துப் பாருங்கோ.

ஞாயிறு எனக்கு லீவு. போக முதல் ஒரு போன் எடுங்கோ, நானும் வாறன். அங்கை நாங்கள் ரெண்டு பேரும் வாயைத் திறக்கிறேல்லை; இங்க பிறந்த என்ர மகள் கதைப்பாள், கேரளாவா எண்டு அவளை ஆரும் கேக்கமாட்டினம்.