மூன்கேக் மறுநாள் விடுமுறை சனிக்கிழமையில் வந்தால் போய்விடுமா?

கேள்வி: ஹாங்காங்கில் வீட்டுவேலை செய்கிறேன். என் வார ஓய்வு சனிக்கிழமை. 2026இல், மூன்கேக் என்ற இனிப்பு உண்ணும் சீனரின் நிலாத் திருவிழாவுக்கு மறுநாள் வரும் விடுமுறையும் சனிக்கிழமையே. “இரண்டும் ஒன்றாகிவிட்டன, தனி லீவு கிடையாது” என்கிறார் மேடம். ஒரு நாள் கூலியை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்கிறது ஏஜென்சி. என்ன செய்வது?

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள், சகோதரி. அந்த லீவு உங்களுடையது.

நிலா பார்ப்பது இரவில் என்பதால் ஹாங்காங்கில் மறுநாள்தான் விடுமுறை. செப்டம்பர் 25, வெள்ளி இரவு, விளக்கேந்திய குழந்தைகள் வீடு திரும்பிய பிறகு, மூன்கேக் துணுக்கும் பம்பளிமாஸ் தோலும் கிடக்கும் மேசையைத் துடைத்துவிட்டுப் படுக்கப்போவது நீங்கள்தானே? 26 உங்கள் வார ஓய்வு. ஓய்வு நாளில் சட்ட விடுமுறை வந்தால் அது அடுத்த நாளுக்கு நகரும். ஆக, 27 ஞாயிறும் உங்களுக்கு லீவு.

அன்று நீங்கள் வீட்டில் இருந்தே ஆக வேண்டும் என்றால் மேடம் வேறு நாள் தரலாம். அது 60 நாட்களுக்குள் இருக்க வேண்டும்; முன்னதாகவும் இருக்கலாம், பின்னதாகவும் இருக்கலாம். 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அன்று காலையில் சொன்னால் செல்லாது. “பிறகு பார்க்கலாம்” என்பதும் செல்லாது. எந்தத் தேதி என்று கேட்டு, அதை மெசேஜில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் கொடுத்து லீவை வாங்குவது குற்றம். நீங்களே சம்மதித்தாலும் குற்றம்தான். அபராதம் 50,000 ஹாங்காங் டாலர் வரை போகும். ஏஜென்சிகளுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். “விடுமுறைப் பணம் பெற்றேன்” என்ற ஒற்றை வரி, தேதிக்கு வெற்றிடம்: அந்தத் தாளை எத்தனையோ பெண்கள் என்னிடம் கொண்டுவந்திருக்கிறார்கள். போட்ட பிறகுதான் வருகிறார்கள். முதல் மாதச் சம்பளத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் உங்களிடம் கட்டணம் வாங்கவும் ஏஜென்சிக்கு உரிமை இல்லை. அதிகம் வாங்கியிருந்தால் தொழிலாளர் துறையிடம் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஒரே ஊரில் வங்கி ஊழியருக்கு ஆண்டுக்கு 17 விடுமுறை, உங்களுக்குச் சட்டம் தருவது 2026இல் 15. இரண்டும் சமமாக 2030 வரை காத்திருக்க வேண்டுமாம். உழைக்கும் கைகளுக்கு மட்டும் ஏன் இத்தனை தவணை? இருக்கும் பதினைந்தில் ஒன்றைக்கூட விடாதீர்கள்.

மூன்று மாதம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் அந்த நாளுக்குச் சம்பளமும் உண்டு. மேடம் மறுத்தால் ஒப்பந்த நகலோடு நேரே தொழிலாளர் துறைக்குப் போங்கள், ஏஜென்சி வழியாகப் போகாதீர்கள்.