உண்ணி கடித்தால் தீக்குச்சி வேண்டாம், முள்வாங்கி போதும்

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு கல்வராயன் மலையில் அருவி வரை நடந்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை முழங்கால் மடிப்பில் மிளகு அளவுக்கு ஓர் உண்ணி ஒட்டியிருந்தது. தேங்காய் எண்ணெய் தடவினேன், விழவில்லை. அணைத்த தீக்குச்சியால் சுட்டேன், அசையவில்லை. கடைசியில் நகத்தால் பிய்த்தேன். உடம்பு கையோடு வந்துவிட்டது, உள்ளே கறுப்பாக ஏதோ தங்கிவிட்டது. தலை உள்ளே இருந்தால் திரும்ப வளருமா? ஊசி போட வேண்டுமா? பிப்ரவரியில் வயநாடு போகிறோம். அங்கே எப்படித் தப்பிப்பது?

பதில்: வளராது. உள்ளே இருப்பது தலைகூட இல்லை, வாய்ப்பகுதியின் ஒரு துண்டு. செத்துப்போன சிராய் மாதிரிதான். சில நாளில் தோல் தானாக வெளியே தள்ளிவிடும். ஊக்கை நெருப்பில் காட்டித் தோண்டுகிற வேலை மட்டும் வேண்டாம். உண்ணியால் வராத சீழ், தோண்டுவதால் வரும். சோப்புப் போட்டுக் கழுவி, போவிடோன் அயோடின் தடவுங்கள். சில நாள் அரிக்கும், சின்னத் தடிப்பு இருக்கும். சிவப்பு பரவினாலோ சீழ் வைத்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். டிடி ஊசி கடைசியாகப் போட்டு 10 வருடம் தாண்டியிருந்தால் போட்டுக்கொள்ளலாம். காய்ச்சல் இல்லாதபோது முன்னெச்சரிக்கையாக ஆன்டிபயாட்டிக் தேவையில்லை.

அடுத்த முறை எடுக்கும் விதம். உண்ணியின் வாயில் தூண்டில் முள் போலப் பின்னோக்கிய பற்கள் உண்டு. போதாக்குறைக்கு, பசை போன்ற ஒன்றைச் சுரந்து தன்னைத் தோலோடு ஒட்டிக்கொள்ளும். எண்ணெய்க்கும் சுண்ணாம்புக்கும் அது அசையாததற்குக் காரணம் இதுதான். சூடு வைத்தால் இன்னும் மோசம். எரிச்சலில் வயிற்றில் இருப்பதை உங்கள் காயத்துக்குள்ளேயே கக்கலாம், கிருமியும் அதோடு சேர்ந்து இறங்கும். நகத்தால் நசுக்கினாலும் இதே கதைதான்.

பழைய சாவிக்கொத்துகளில் காதுக்குரும்பி எடுப்பதோடு சேர்ந்து ஒரு முள்வாங்கி தொங்குமே, அதுவே சரியான கருவி. இல்லாவிட்டால் முனை கூர்மையான ட்வீசர். புருவம் திருத்தும் அகலமுனை ட்வீசர் உண்ணியின் வயிற்றைத்தான் பிடிக்கும். வயிற்றைப் பிடிக்காதீர்கள், தோலை உரசுகிற அளவுக்குக் கீழே போய் வாயருகே பிடியுங்கள். திருகாமல், வெடுக்கென்று இழுக்காமல், நேர் மேலே ஒரே சீராக இழுங்கள். தோல் கூடாரம் போல எழும்பி நிற்கும். பயப்படாமல் அப்படியே பிடித்திருந்தால் கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும். கையில் ஒன்றுமே இல்லையென்றால் தையல் நூலில் ஒரு சுருக்குப் போட்டு, தோலை ஒட்டி இறுக்கி மேலே தூக்கலாம். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் விட்டுவைக்காதீர்கள். ஒட்டியிருக்கும் நேரம் கூடக்கூட, நோய் தொற்றும் வாய்ப்பும் கூடும்.

சரி, இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. கண்ணுக்குத் தெரிந்த உண்ணியைவிடத் தெரியாத பூச்சியைப் பற்றித்தான் எனக்குக் கவலை. நம் பக்கத்துப் பத்திரிகைகள் 'உண்ணிக் காய்ச்சல்' என்று எழுதுகிற ஸ்க்ரப் டைபஸ், நீங்கள் பிய்த்த இந்த உண்ணியால் வருவதில்லை. புதரிலும் புல்லிலும் இருக்கும் ஒருவகைச் சிற்றுண்ணியின் குஞ்சு, ஊசிமுனை அளவுதான் இருக்கும், அது கடித்து வருவது. வலிக்காது, ஒட்டிக்கொண்டு நிற்பதும் தெரியாது. மலைக்குப் போகத் தேவையில்லை. முந்திரித் தோப்பு, ஏரிக்கரைப் புதர், வீட்டுப் பின்னால் எலி நடமாடும் புல்தரை எல்லாமே போதும். மழை முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில் கடலூரிலும் புதுச்சேரியிலும் அதிகம் பார்க்கிறோம். அதே மாதங்கள்தான் டெங்குக்கும் எலிக் காய்ச்சலுக்கும். மூன்றிலுமே தட்டணுக்கள் குறையலாம் என்பதால் குழப்பம் வருகிறது.

ஒருமுறை எட்டு நாள் காய்ச்சலோடு ஓர் அம்மா வந்தார். டெங்கு பரிசோதனை இரண்டு முறை இல்லை என்று வந்திருந்தது. பாவாடை நாடாவைத் தளர்த்திப் பார்த்தபோது இடுப்பில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றி சிவப்பு வளையம். வலிக்காததால் அவரும் கவனிக்கவில்லை, முன்பு பார்த்தவர்களும் தேடவில்லை. டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் தொடங்கிய இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. எல்லோருக்கும் இந்தப் பொருக்கு இருக்காது. இருந்தால் அக்குள், மார்புக்குக் கீழ், இடுப்பு, தொடை இடுக்கு என்று மறைவான இடங்களில்தான் இருக்கும். கேட்கக் கூச்சப்படுகிற மருத்துவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஆகவே மலைக்குப் போன நாளிலிருந்து மூன்று வாரம் உடம்பைக் கவனியுங்கள். காய்ச்சல், விடாத தலைவலி, உடல்வலி, தோலில் தடிப்பு ஏதாவது வந்தால் 'இந்தத் தேதியில் மலைக்குப் போனேன், உண்ணி கடித்தது' என்பதுதான் மருத்துவரிடம் நீங்கள் சொல்லும் முதல் வாக்கியமாக இருக்கட்டும். உண்ணி வழியாகவே பரவும் டிக் டைபஸ் என்பதும் இங்கே உண்டு. நாய் உண்ணி அதைப் பரப்பும். இரண்டுக்குமே டாக்ஸிசைக்ளின் நல்ல மருந்து, ஆனால் மருந்துக் கடையில் நீங்களே கேட்டு வாங்க வேண்டாம்.

வயநாடு கொஞ்சம் வேறு கணக்கு. 1957இல் கர்நாடகத்தின் சிவமொக்கா பக்கம் கியாசனூர் காட்டில் முதலில் கண்டறிந்த குரங்குக் காய்ச்சல், பிறகு நீலகிரியிலும் வயநாட்டிலும்கூடத் தலைகாட்டியிருக்கிறது. அதைப் பரப்புவது காட்டு உண்ணி. நீங்கள் போகும் பிப்ரவரி அதன் பருவத்துக்கு நடுவில் வருகிறது. இது வைரஸ் என்பதால் டாக்ஸிசைக்ளின் கேட்காது, இதற்கென்று தனி மருந்தும் இல்லை. கடித்த 3 முதல் 8 நாளுக்குள் திடீர்க் காய்ச்சல் வந்தால் வீட்டில் படுத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். வழியில் குரங்கு செத்துக் கிடந்தால் கிட்டே போகாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

உண்ணி பறக்காது, குதிக்காது, மரத்திலிருந்து தலையில் விழுவதும் இல்லை. புல் நுனியில் முன்கால்களை விரித்துக் காத்திருக்கும். நம் மூச்சுக்காற்றும் உடல் சூடும் தெரிந்ததும், உரசிப் போகும் காலைப் பற்றிக்கொண்டு மேலே ஏறும். அதனால் பேன்ட்டைக் காலுறைக்குள் செருகுங்கள். பார்க்கக் கோமாளி மாதிரி இருக்கும், பரவாயில்லை. வெளிர் நிறத் துணி போட்டால் ஊர்வது தெரியும். மாட்டுத் தடத்தில் இடுப்பளவு புல்லை விலக்கிக்கொண்டு போகாமல் பாதையின் நடுவில் நடங்கள். நனைந்த துணியைப் புதர் மேல் காயப்போடாதீர்கள், விரிப்பு இல்லாமல் சருகு மேல் உட்காராதீர்கள். பூச்சி விரட்டி வாங்கும்போது உறையில் டீட் (DEET) என்ற விரட்டி மருந்து 20 முதல் 30 சதவீதம் என்று இருக்கிறதா பாருங்கள். 0.5 சதவீத பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கிடைத்தால் துணிக்கும் ஷூவுக்கும் மட்டும் அடிக்கலாம், தோலில் கூடாது. வீட்டில் பூனை இருந்தால் ஈரம் காயும்வரை அதை அண்ட விடாதீர்கள்.

திரும்பியதும் இரண்டு மணி நேரத்துக்குள் சோப்புப் போட்டுக் குளித்துவிடுங்கள். காதுக்குப் பின்னால், தலைமுடி ஓரம், அக்குள், தொப்புள், இடுப்பு, முழங்கால் மடிப்பு என்று தடவிப் பாருங்கள். முதுகை வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். தலைக்குப் பேன் சீப்பு. துணியைச் சாதாரணத் தண்ணீரில் அலசினால் உண்ணி சாகாது, நல்ல கொதிக்கிற வெந்நீரில் ஊறப்போடுங்கள். சில சமயம் எள் அளவில் பத்து இருபது குஞ்சுகள் ஒரே இடத்தில் காலில் ஊர்ந்துகொண்டிருக்கும். அவற்றை ட்வீசரால் ஒவ்வொன்றாகப் பிடிக்கப் பொழுது போதாது. செல்லோடேப்பை ஒட்டி உரித்தால் கடிக்காமல் ஊர்பவை மொத்தமாக வந்துவிடும். டேப்பை மடித்து ஒட்டிக் குப்பையில் போடுங்கள்.