நகத்தளவு வண்ணத்துப்பூச்சி: கேள்வி பதில்

மாங்குளம்: குளக்கட்டில் தரையை ஒட்டிப் பறந்ததைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறேன். என்ன இனம் சேர்?

பின்சிறகின் அடிப்பக்க ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். செம்மஞ்சள் சூழ்ந்த கறுப்புப் புள்ளிகள், அவற்றில் மினுங்கும் நீலப்பச்சை. இது கிராஸ் ஜுவல். விஞ்ஞானப் பெயர் பிரெயேரியா புட்லி. சிறகை முழுதாக விரித்தாலும் 15 முதல் 22 மில்லிமீற்றர்தான். காட்டுக்குள் தேடாதீர்கள், வெயில் விழும் புல்தரைதான் அதன் இடம். நீர் வற்றிய குளத்தில் முளைக்கும் தேள்கொடுக்கிலும், வழிக்கரையில் படரும் செப்புநெருஞ்சியிலும் முட்டையிடும். புழு பச்சை நிறம் என்பதால் இலையோடு இலையாகக் கிடக்கும். எறும்பு மொய்க்கும் கொப்பைப் பாருங்கள், அகப்படும். புழு சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு வருகிறது. அது பக்கத்தில் நின்றால் புழுவைத் தின்னும் பூச்சிகள் கிட்ட வரப் பயப்படும். எவ்வளவு அழகான ஏற்பாடு! கட்டுக்குக் களைநாசினி அடிக்க விடாதீர்கள்.

நெடுங்கேணி: இது குஞ்சா? வளருமா?

வளராது. வளர்ச்சியெல்லாம் புழுப்பருவத்தோடு சரி. சிறகு விரிந்த பிறகு அளவு மாறாது.

பூநகரி: இலங்கையில் மிகச் சிறிய வண்ணத்துப்பூச்சி டைனி கிராஸ் புளூ அல்லவா?

இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு தம்பி. ஆனாலும் இலங்கையில் மிகச் சிறியது என்ற பெயர் கிராஸ் ஜுவலுக்குத்தான்.

முள்ளியவளை: தம்பி சொல்வதே சரி. செத்துக் கிடந்த ஒன்றை அளந்தேன், 17 மில்லிமீற்றர்.

நல்லது, அளந்து பார்த்தது எனக்குச் சந்தோசம். ஆனால் ஒன்றை அளந்து இனத்துக்கே முடிவு சொல்ல முடியாது. புழுவுக்குத் தீனி குறைந்தால் பூச்சியும் சிறுக்கும். முதலில் அது எந்த இனம் என்று பாருங்கள். டைனி கிராஸ் புளூவின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சளே இராது. ஆணின் மேற்பக்கம் ஊதா கலந்த நீலம்.

பூநகரி: நான் பார்த்ததில் செம்மஞ்சள் இருந்தது.

அப்போது நீங்கள் பார்த்ததும் கிராஸ் ஜுவல்தான்.

ஓமந்தை: பெரிதாக எத்தனை நாள் செல்லும்?

நெடுங்கேணிக்குச் சொன்னதை வாசியுங்கள்.

மல்லாவி: முற்றத்து நெருஞ்சி பிள்ளைகளுக்குக் குத்துகிறது. மருந்து அடிக்கலாமா ஐயா?

அடிக்காதீர்கள் தங்கச்சி. மழை பெய்து மண் இளகியதும் வேரோடு பிடுங்குங்கள். முள் நெருஞ்சி வேறு, செப்புநெருஞ்சி வேறு. செப்புநெருஞ்சிக்குச் சின்னச் சிவந்த பூ, குத்தாது. மருந்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. வேலிக்கு வெளியே நிற்கும் நெருஞ்சியையும் விட்டுவிடுங்கள், டார்க் கிராஸ் புளூவின் புழுவுக்கு அது சாப்பாடு.

மன்னார்: மிளகாய்க்கு இலைச்சுருள். என்ன செய்யலாம்?

உங்கள் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள்.

கிளிநொச்சி: படம் பிடிக்க எங்கே போகலாம்?

தூரம் போக வேண்டாம். வெயில் ஏறியதும் பக்கத்துக் குளத்தடியில் குந்தியிருங்கள். மிதிவெடி இருக்கிறது என்று எச்சரிக்கும் மண்டையோட்டுப் பலகை நிற்கும் பக்கம் மட்டும், பூச்சி பறந்து போனாலும், ஒரு அடிகூட வைக்காதீர்கள்.