ஃபுட் டெக் படிக்கப் போறீங்களா? கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

ஃபுட் டெக்னாலஜி முடிச்சுட்டு இப்ப க்வாலிட்டி பக்கம் வேலை பாக்குறேன். ஆளாளுக்குத் தனித்தனியா கேட்டுட்டே இருக்கீங்க, அதான் எல்லாத்துக்கும் ஒரே இடத்துல பதில். கொஞ்சம் பட்டுனு பேசுவேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, எனக்கு சமையல்னா உயிர். இந்த கோர்ஸ் எடுக்கலாமா?

அதுக்காக மட்டும்னா வேணாம்மா, கேட்டரிங் போ. இங்க அடுப்புகிட்ட நிக்குறதைவிட ப்யூரெட்கிட்ட (லேப்ல சொட்டுச் சொட்டா அளந்து விடுற கண்ணாடிக் குழாய்) நிக்குற நேரம்தான் ஜாஸ்தி. ரொட்டி மேல்பக்கம் ஏன் செவக்குது, சூட்டுல சர்க்கரையும் அமினோ ஆசிடும் சேர்ந்தா என்ன நடக்குது, அதே ரியாக்‌ஷன்ல சிப்ஸ்ல அக்ரிலமைடுங்கிற வேண்டாத பொருள் எப்படி வருது, ருசி கெடாம அதை எப்படிக் குறைக்கிறது, இப்படியெல்லாம் மண்டைக்குள்ள குடைஞ்சுதுன்னா தாராளமா வா.

கேள்வி: நியூட்ரிஷனும் இதுவும் ஒண்ணுதானே?

இல்ல. சாப்பாடு வாய்க்குள்ள போற வரைக்கும் எங்க ஏரியா, போனதுக்கப்புறம் அவங்க ஏரியா. ஹாஸ்பிடல்ல டயட்டீஷியன் ஆகணும்னா இந்த டிகிரி உதவாது, சேர்றதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிக்கோங்க.

கேள்வி: பயாலஜின்னா பின்னிடுவேன், மேத்ஸ்தான் பயம். சமாளிச்சிடலாமா?

நிறைய பேர் தடுக்கி விழுற இடமே இதான், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். டின்ல அடைச்ச சாப்பாட்டுல நாங்க ரொம்ப பயப்படுறது க்ளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம்ங்கிற பாக்டீரியாவுக்கு. அதோட ஸ்போர் (கெட்டி ஓட்டுக்குள்ள தூங்கிட்டிருக்கிற விதை மாதிரி) கொதிக்கிற தண்ணிக்கெல்லாம் அசையாது. 121 டிகிரியில வச்சா சுமாரா 0.21 நிமிஷத்துக்கு ஒருதடவை பத்துல ஒரு பங்கா குறையும், அந்தக் குறைப்பு 12 தடவை நடக்கணும்ங்கிறது கணக்கு, ஆக 2.52 நிமிஷம், பொதுவா 3 நிமிஷம்னு வச்சுக்குவாங்க. இதுவரைக்கும் பயாலஜி. ஆனா அந்த 3 நிமிஷம் டின்னுக்குள்ள எந்த இடம் கடைசியா சூடாகுதோ அங்க கிடைக்கணும், ஓரத்துல கிடைச்சா பத்தாது. தண்ணியா இருக்கிற சூப்பு உள்ள சுத்திச் சுத்தி சீக்கிரம் சூடாகிடும், கெட்டி பேஸ்ட்ல சூடு மெதுவாத்தான் நடுவுக்கு ஊர்ந்து போகும், அதுலயும் சூடு ஏற ஏற கொல்ற வேகமும் மாறிட்டே இருக்கும், 10 டிகிரி குறைஞ்சா பத்து மடங்கு நேரம் வேணும். இதையெல்லாம் கூட்டணும்னா லாகரிதமும் இன்டக்ரேஷனும் வேணும், வேற வழியே இல்ல. பிஎச் (புளிப்பைக் காட்டுற அளவு, குறையக் குறைய புளிப்பு ஜாஸ்தி) 4.6 அல்லது அதுக்குக் கீழ இருக்கிற புளிப்புச் சரக்குல இந்த ஸ்போர் முளைக்காது, அதுக்கு இவ்ளோ பாடுபட வேணாம். முதல் வருஷமே மேத்ஸை ஒழுங்கா பிடிச்சுக்கோ, மூணாவது வருஷம் ஹீட் ட்ரான்ஸ்ஃபர் வரும்போது புரியும் நான் ஏன் கத்துறேன்னு.

கேள்வி: லேப்ல என்னதான் பண்ணுவீங்க?

சாப்பாட்டுல எது எவ்வளவு இருக்குன்னு அளப்போம், கொழுப்புக்கு சாக்ஸ்லெட்ங்கிற முறை, புரோட்டீனுக்கு ஜெல்டால்ங்கிற முறை. இந்த ஜெல்டால் 1883ல வந்த முறை, இன்னும் ஓடிட்டிருக்கு. சாம்பிளை சல்ஃப்யூரிக் ஆசிட்ல போட்டு கறுப்பா பொங்கி, அப்புறம் தெளியிற வரைக்கும் காய்ச்சி, ஆவியாக்கி வடிச்சு, டைட்ரேட் பண்ணினா (ப்யூரெட்ல சொட்டுச் சொட்டா விட்டு அளந்தா) நைட்ரஜன் எவ்வளவுன்னு வரும். அதை 6.25ஆல பெருக்கினா புரோட்டீன், பாலுக்கு 6.38. கவனிச்சீங்களா, நாம அளந்தது புரோட்டீனே இல்ல, வெறும் நைட்ரஜன்! 2008ல சீனாவுல பால்பவுடர் விவகாரம் இந்த ஓட்டை வழியாத்தான் நடந்துச்சு. தண்ணி கலந்த பால்ல மெலமைன்ங்கிற பிளாஸ்டிக் தயாரிக்கிற கெமிக்கலைப் போட்டாங்க, அதோட எடையில மூணுல ரெண்டு பங்கு நைட்ரஜன், ரிப்போர்ட்ல புரோட்டீன் சூப்பர்னு வந்துச்சு, குழந்தைங்களுக்கு கிட்னியில கல்லு. எந்த டெஸ்ட் எதை அளக்குது, எதை அளக்கலைன்னு தெரியாம நம்பர் மட்டும் எழுதிட்டு வர்ற ஆளு இந்த வேலைக்கு ஆபத்து.

கேள்வி: சென்சரி லேப்னா (ருசி பாத்து சோதிக்கிற லேப்) ஓசியில சாப்பிடுறதுதானே? 😄

ஆசைதான். சிவப்பு லைட் போட்ட பூத், அப்பதான் நிறம் பாத்து கண்டுபிடிக்க முடியாது. மூணு கப், மூணு இலக்க நம்பர், ரெண்டுல ஒரே சரக்கு, ஒண்ணுல மட்டும் வேற, அது எதுன்னு சொல்லணும். குருட்டாம்போக்குல சொன்னாலே மூணுல ஒருத்தர் சரியா சொல்லிடுவாங்க, அதனால 24 பேர்ல குறைஞ்சது 13 பேர் கரெக்டா சொன்னாத்தான் நிஜமாவே வித்தியாசம் தெரியுதுன்னு எடுத்துக்குவோம். ருசியைவிட ஸ்டாட்டிஸ்டிக்ஸ்தான் ஜாஸ்தி.

கேள்வி: சார், என் பொண்ணு கேக்குறா, படிச்சா வேலை கிடைக்குமா?

சார் இல்லைங்க, மேடம். வேலை கிடைக்கும்ங்க, ஆனா எல்லாரும் கனவு காணுற ஆர் அண்ட் டி-ல (புதுசா ப்ராடக்ட் உருவாக்குற பிரிவு) சீட்டு கம்மி. பெரும்பாலும் முதல் வேலை க்வாலிட்டி கன்ட்ரோல்தான், ஷிஃப்ட் இருக்கும், நைட்டும் இருக்கும், தலையில வலை மாட்டிட்டு ஃப்ளோர்ல நிக்கணும். பாப்பாவுக்கு இதை இப்பவே சொல்லிடுங்க.

கேள்வி: இன்டர்ன்ஷிப் லேப்ல பண்ணவா, ஃபேக்டரியிலயா?

ஃபேக்டரி, யோசிக்கவே வேணாம். பால் ப்ளான்ட் கிடைச்சா விட்ராத. பாலைப் பாஸ்டரைஸ் பண்ண, அதாவது கிருமி சாக சூடு பண்ண, 72 டிகிரியில 15 செகண்ட்னு புக்குல ஒரு வரியில முடிச்சிருப்பாங்க. அங்க போனா பைப்போட கடைசியில ஒரு வால்வு இருக்கும், சூடு கொஞ்சம் இறங்கினாலும் டக்குனு திரும்பி பாலை மறுபடி ஆரம்பத்துக்கே அனுப்பிடும். அதைப் பாத்துட்டு வந்தாத்தான் ஹாசப் (HACCP, எங்க தப்பு நடக்கும்னு முன்னாடியே கண்டுபிடிச்சு அங்கயே தடுக்கிற முறை) மண்டையில ஏறும். 60கள்ல நாசாவுக்கு சாப்பாடு பண்ணின பில்ஸ்பரி கம்பெனிக்கு ஒரு தலைவலி, அதுலதான் இந்த முறை பிறந்துச்சு: கடைசியில டெஸ்ட் பண்ணி நிரூபிக்கணும்னா பேட்ச்ல முக்கால்வாசியை டெஸ்ட்டுக்கே காலி பண்ணணும், அதனால தப்பு நடக்கக்கூடிய இடத்துலயே காவல் வைப்போம்னு போனாங்க.

கேள்வி: லேப்டாப் எந்த மாடல் வாங்கலாம் அக்கா?

எக்ஸெல் ஓடினா போதும்டா. மிச்சக் காசுக்கு நல்ல ஷூ வாங்கு, ஈரத் தரையில வழுக்காததா பாத்து.